முக்காலியின் தலை

செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு எழுந்தருளும் ஆடிவேல் இரதத்தை அந்திக்குப் பின் படமெடுக்க விழைவோர் பாமன்கடையிலும் உளர். இரதம் நிற்கும் தருணத்தில் அரை விநாடி கமராவின் கண் திறந்திருக்குமாயின், கை நடுங்காதிராது, முக்காலியே துணை.

ஆயினும், டிஜிற்றல் கமராவுக்குப் பெரும்பணம் கொடுப்போர் முக்காலியின் கால்களைத் தட்டிப் பார்ப்பரேயன்றித் தலையை நோக்குவதில்லை. கமராவும் வில்லையும் சேர்ந்து 2 கிலோ எனின், 4 கிலோவேனும் தாங்குந் தலையே தக்கது. பந்துத் தலை ஒரே முடுக்கில் எப்பக்கமும் திரும்பும், சனநெரிசலுக்கு ஏற்றது. மூன்று கைப்பிடிகளையுடைய தலையோ மெத்தனமானது. எனினும் கோபுரத்தின் கோடு பிசகாதிருக்க அதுவே நன்று.

உயர்ந்த இரதத்துக்குக் கமராவை நெடுக்காகத் திருப்ப நேரும். அப்பொழுது பந்து ஒருபுறம் சாய, பாரமெல்லாம் நடுவைவிட்டு விலகித் தொங்கும். 1/4 அங்குலத் திருகாணி ஒன்றே கமராவைப் பற்றியிருப்பது. அது மெல்லத் தளருமாயின் கமராவே தரையில் வீழ்ந்துவிடும். ‘ட’ எழுத்தை ஒத்த தாங்கியைக் கமராவில் பூட்டினால், தலையைச் சாய்க்காமலே நெடுக்காகப் பொருத்தலாம். அக்கமராவுக்கென்றே வார்த்த தாங்கியாயிருத்தல் நலம். பொதுத் தாங்கி வழுக்கிச் சுழலும், சிலவேளை மின்கலக் கதவையும் மறைக்கும்.

கடையிலேயே கமராவைப் பூட்டி, முடுக்கி, கையை எடுத்துப் பாருங்கள். காட்சி சிறிதேனும் கீழிறங்கினால், அத்தலையை அங்கேயே விட்டுவிடுங்கள்.