கடல்நீரில் உப்பு படியும் வரிசை

கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் படிவதில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. சமையலுக்கு ஆகும் சோடியம் குளோரைடு அதில் 27 கிராம் அளவே. மிச்சம் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள். நீர் ஆவியாக ஆவியாக, எந்த உப்புக்குக் கரைதிறன் எல்லை முதலில் வருகிறதோ அது முதலில் திடமாகிறது. 1849-இல் உசிலியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரை ஆவியாக்கி இந்த வரிசையைப் பதிவு செய்தார். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நீர் பாத்தி பாத்தியாக நகர்வதும் இதே கணக்கில்தான்.

நீர் பாதியாகச் சுண்டும்போது கால்சியம் கார்பனேட் படியத் தொடங்கும். ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம். இரண்டும் முன்பாத்திகளின் தரையிலேயே தங்கிவிடும். கரைசலின் அடர்த்தியை அளக்கும் போமே மானி கடல்நீரில் 3 டிகிரி அளவு காட்டும்; அது 25-ஐ எட்டும்போது நீர் பத்தில் ஒரு பங்காகியிருக்கும், சோடியம் குளோரைடு படியத் தொடங்கும். அதற்கு முன்பே உப்புப் பாத்திக்குள் திறந்துவிட்டால், ஜிப்சமும் உப்போடு கலந்துவிடும்.

கரைசல் தெவிட்டியவுடனே படிகம் பிறந்துவிடாது. அயனிகள் ஒழுங்காக அடுக்கி அமர ஒரு கரு வேண்டும்: தூசியோ, தரையின் சொரசொரப்போ, முன்பே கிடக்கும் உப்புமணியோ. அது கிடைக்கும்வரை கரைசல் தன் அளவுக்கு மீறியே உப்பைத் தாங்கி நிற்கும். காற்று அடங்கிய வெயிலில் படிகம் மேற்பரப்பிலேயே தோன்றும், ஆவியாவது அங்கேதானே. பாலாடை போலப் படர்ந்து, கனம் கூடியதும் மூழ்கும். கருக்கள் ஏராளமாக உண்டானால் உப்பு பொடிமணியாகும். சில கருக்களே நிதானமாக வளர்ந்தால் கல்லுப்பு.

போமே மானி 29 டிகிரியை நெருங்கும்போது எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இல்லையேல் மக்னீசியம் குளோரைடு உப்பில் ஒட்டிக்கொள்ளும். அது கசக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் ஜாடியில் உப்பு கசிவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

வடித்த கசப்பு நீரிலிருந்து மக்னீசியத்தை எடுக்க ஒரு வழி, சுண்ணாம்பு சேர்ப்பது. உடனே கரையாத மக்னீசியம் ஹைட்ராக்சைடு வெள்ளையாகத் திரளும். இது ஆவியாதலால் அல்ல, வேதிவினையால் வரும் வீழ்படிவு. அவசரமாகப் பிறப்பதால் துகள்கள் மிக நுண்ணியவை. நீருக்குள் நுண்துகள் விழும் வேகமோ அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்குதான். கல்லுப்பு சட்டென அடியில் அமர்ந்துவிடும். இந்த வீழ்படிவோ கூழாகவே மிதக்கும். அதைத் தெளியவைக்கப் பெரிய தொட்டிகளும் பொறுமையும், பிறகு வடிகட்டிகளும் வேண்டும்.