சட்ட மாணவர் இதழும் சம உரிமையும்



நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், விடுதிகள் எத்தனை, பட்டதாரிகள் எத்தனை என்று எண்ணி மகிழ்வது இயல்பு. அம்மகிழ்ச்சியில் நாமும் பங்கு கொள்கிறோம். எனினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் தாமே நடத்தும் ஆய்விதழைப் பற்றியது அது. நம் கழகத்திற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ஒரு வழக்கிலிருந்து தொடங்கினால் தொடர்பு தானே விளங்கும்.

அமெரிக்க நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில் ஹீமன் மேரியன் சுவெட் என்னும் கறுப்பினத்தவர் தபால்காரராகப் பணிபுரிந்து வந்தார். 1946-ஆம் ஆண்டில் அவர் மாநிலப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். கறுப்பர் என்னும் ஒரே காரணத்தால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். மாநில அரசோ அவரைச் சேர்த்துக்கொள்வதற்கு மாறாக, கறுப்பினத்தவர்க்கெனத் தனியே ஒரு சட்டக் கல்லூரியைத் திறந்தது. உங்களுக்கும் ஒரு கல்லூரி கொடுத்துவிட்டோம், இனி என்ன குறை என்பதே அரசின் வாதம். தனித் தெருவும் தனிக் கிணறும் தனிக் குவளையும் கண்ட நமக்கு இவ்வாதம் புதியதன்று.

1950-ஆம் ஆண்டு சூன் 5-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கியது. தலைமை நீதிபதி வின்சன் எழுதிய அத்தீர்ப்பு இரு கல்லூரிகளையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தது. பல்கலைக்கழகக் கல்லூரியில் முழுநேரப் பேராசிரியர் 16 பேர். மாணவர் 850 பேர். நூல்கள் 65,000-க்கும் மேல். புதிய கல்லூரியில் முழுநேரப் பேராசிரியர் 5 பேர், மாணவர் 23 பேர், நூல்கள் 16,500. நீதிமன்றம் அக்கணக்கோடு நிற்கவில்லை. பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்க்குக் கிட்டும் பிற வசதிகளைப் பட்டியலிட்டபோது, மாதிரி நீதிமன்றத்தையும் உதவித்தொகையையும் கூறுமுன் சட்ட இதழையே முதலாவதாகக் குறித்தது. எண்ணி அளக்க இயலாத பெருமைகளிலும் இரண்டும் சமமல்ல என்று கண்டு, சுவெட்டைப் பல்கலைக்கழகத்திலேயே சேர்க்குமாறு ஆணையிட்டது.

மாணவர் நடத்தும் ஓர் இதழை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சமத்துவத்தின் அளவுகோல்களுள் ஒன்றாக எண்ணியது ஏன்? அவ்விதழ் நடைபெறும் முறையை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

இத்தகைய இதழ்களுள் பெயர் பெற்றது ஹார்வர்டு சட்ட இதழ். அது 1887-ஆம் ஆண்டில் மாணவர்களால் தொடங்கப்பெற்றது. பிற துறைகளின் ஆய்விதழ்களைப் பேராசிரியர்கள் நடத்துவர். அமெரிக்கச் சட்ட இதழ்கள் பெரும்பாலானவற்றில் நிலைமை தலைகீழ். பேராசிரியர்களும் நீதிபதிகளும் கட்டுரை அனுப்புவர். அதனை ஏற்பதும் மறுப்பதும் திருத்துவதும் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்களே. இதழின் தலைவரை ஆண்டுதோறும் மாணவ ஆசிரியர்கள் தம்முள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். ஓராண்டு முடிந்ததும் மூத்தோர் விலகி, இளையோரிடம் பொறுப்பை ஒப்படைப்பர். நாற்காலி எவருக்கும் நிலையன்று.

வந்த கட்டுரையை முதலில் சிலர் படித்துக் கருத்தெழுதுவர். எழுதியவர் பெயரை மறைத்துப் படிக்கும் வழக்கமும் ஹார்வர்டில் உண்டு. தேறிய கட்டுரையைக் குழு கூடி விவாதிக்கும். ஏற்கப்பட்ட பின்னரே கடும் உழைப்பு தொடங்குகிறது. கட்டுரையாளர் ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டியிருப்பாராயின், மாணவர் அத்தீர்ப்பின் மூலத்தை எடுத்து, சொல் சரியா, பக்கம் சரியா, ஆண்டு சரியா, அத்தீர்ப்பு உண்மையிலேயே அக்கருத்தைத்தான் கூறுகிறதா என்று ஒப்பிட வேண்டும். நீண்ட கட்டுரை ஒன்றில் நூற்றுக்கணக்கான அடிக்குறிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இதுவே விதி. மேற்கோள் காட்டும் முறைக்கென ‘புளூபுக்’ என்னும் கையேடு 1926-ஆம் ஆண்டு முதலே வெளிவருகிறது. இதன்பின் மொழித் திருத்தம், மெய்ப்புத் திருத்தம், அச்சு. மாணவர்களும் அண்மைத் தீர்ப்புகளை ஆராய்ந்து எழுதுவர். ஹார்வர்டில் அவ்வெழுத்து கையொப்பமின்றியே வெளியாகிறது.

நீதிபதியின் சொல்லையும் பேராசிரியரின் சொல்லையும் மூலத்தோடு ஒப்பிட்டு, இது பொருந்தாது என்று இருபத்து மூன்று வயது இளைஞர் எழுத்தில் கூறுகிறார். பெரியோர் அதற்கு மறுமொழி தரக் கடமைப்பட்டுள்ளனர். இப்பயிற்சியில் தேறியவரை நீதிபதிகள் தம் உதவியாளராகவும் பல்கலைக்கழகங்கள் ஆசிரியராகவும் விரும்பி ஏற்கின்றன. இதழ் இல்லாத கல்லூரி மாணவர்க்கு இவ்வாயில் அடைபட்டே கிடக்கும். நீதிமன்றம் இதழை ஒரு வசதியாக எண்ணியதன் பொருள் இதுவே.

இவ்வாயிலில் முதன்முதலாக நுழைந்த கறுப்பினத்தவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். முதல் உலகப் போரில் படை அதிகாரியாகப் பணியாற்றிய அவர், ஆங்குக் கண்ட இனவெறியால் சட்டம் பயில உறுதிபூண்டு, 1919-ஆம் ஆண்டில் ஹார்வர்டில் சேர்ந்தார். தம் கல்வித் திறத்தால் இதழின் ஆசிரியர் குழுவில் இடம் பெற்றார். அங்குக் கற்றதை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1929-ஆம் ஆண்டு முதல் கறுப்பினத்தவரின் ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிப் பொறுப்பேற்று, மாலைநேரக் கல்லூரியாக இருந்ததை முழுநேரக் கல்லூரியாக்கினார். சான்று பார்க்காமல் ஒரு வரியும் எழுதலாகாது என்னும் கண்டிப்போடு மாணவரைப் பயிற்றினார். அவருள் ஒருவரே 1933-ஆம் ஆண்டில் முதல் மாணவராகத் தேறிய தர்குட் மார்ஷல். சுவெட்டுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் அந்த மார்ஷலே. அத்தீர்ப்பைக் கேட்க ஆசிரியர் உயிரோடு இல்லை. ஏப்ரல் 22-ஆம் நாளே மறைந்தார். இடையில் இருந்தவை நாற்பத்து நான்கு நாட்கள்.

மற்றொருவர் வில்லியம் கோல்மன். அவரும் ஹார்வர்டு இதழில் ஆசிரியராக இருந்தவர். 1948-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் சட்ட உதவியாளராக அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. எனினும் பணி முடித்து வந்தவருக்குச் சொந்த ஊராகிய பிலடெல்பியாவின் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் வேலை தர மறுத்தன. பள்ளிகளில் இனப் பிரிவினையை வீழ்த்திய 1954-ஆம் ஆண்டு பிரவுன் வழக்கிற்கு அவர் மார்ஷலுக்குத் துணைநின்று உழைத்தார். தகுதி வாயிலைத் திறக்கும். ஆனால் தகுதி மட்டுமே எல்லா வாயில்களையும் திறந்துவிடாது. இரண்டையும் நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

இதழின் குறைகளையும் மறைத்தல் முறையன்று. முற்காலத்தில் முதலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணே ஆசிரியர் குழுவுக்குரிய தகுதியாக இருந்தது. நல்ல பள்ளியும் படித்த பெற்றோரும் வாய்த்தவர்க்கு அது எளிது. பின்னர்ப் பெயர் மறைத்து மதிப்பிடும் எழுத்துப் போட்டி சேர்க்கப்பட்டது. 1981-ஆம் ஆண்டில் சிறுபான்மை இனத்தவர்க்கு வாய்ப்பளிக்கும் முறையும் கடும் விவாதத்திற்கிடையே ஏற்கப்பட்டது. ஹார்வர்டு இதழுக்கு ஒரு பெண் முதன்முதலாகத் தலைவரானது 1976-ஆம் ஆண்டில். கறுப்பினத்தவர் ஒருவர் தலைவரானது 1990-ஆம் ஆண்டில். இதழ் தோன்றி நூற்று மூன்று ஆண்டுகள் கடந்த பின் அவ்விடத்தை அடைந்த அவ்விளைஞரே பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான பராக் ஒபாமா. மேலும், இவ்வுழைப்பிற்கு ஊதியம் இல்லை. மாலையில் வேலைக்குச் சென்று கட்டணம் கட்டும் மாணவன் நள்ளிரவு வரை அடிக்குறிப்பு பார்ப்பது எங்ஙனம்? இக்கேள்வி நம் பிள்ளைகளுக்கும் உரியது.

அண்ணல் அம்பேத்கர் 1916-ஆம் ஆண்டில், தம் இருபத்தைந்தாம் வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றிய கட்டுரையைப் படித்தார். அறிஞர் பலரின் கொள்கைகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் எங்கே பிழைபடுகிறது என்று காட்டினார். நான்கே ஆண்டுகளில், 1920-இல், ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். பெரியோர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்காத மனமும், நம் எழுத்தை நாமே வெளியிடும் துணிவும் அவரிடம் ஒருங்கே இருந்தன.

நம் கழக விடுதியில் மாணவர் கையெழுத்துப் பத்திரிகை நடத்துவது வழக்கமாதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அதற்கு அச்சகம் வேண்டா. பெரும் பொருள் வேண்டா. மூன்று திங்களுக்கு ஒருமுறை, கல்வி உதவித்தொகை பற்றிய ஓர் அரசாணையையும் நம் மக்களின் உரிமை பற்றிய ஒரு தீர்ப்பையும் விளக்கி எழுதட்டும். விதிகள் மூன்று போதும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிடாமல் வெளியிடலாகாது. எழுதியவர் எந்த ஊர், எந்தப் பிரிவு, ஆணா பெண்ணா என்று அறியாமலேயே கட்டுரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நமக்குள்ளும் உயர்வு தாழ்வு பார்க்கும் நோய் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆண்டு முடிந்ததும் பொறுப்பு இளையவர் கைக்கு மாற வேண்டும். இதற்கென மாலையில் உழைக்கும் ஏழை மாணவர்க்குக் கழகம் ஒரு சிறு தொகை அளிப்பதும் கடமையாகும்.

அரசாணையின் எண்ணும் நாளும் தெரியாமையால் அலுவலகத்தின் வாயிலிலிருந்து திரும்பி வந்த பெற்றோர் இவ்வவையிலேயே பலர் இருப்பர். அடுத்த முறை அவர்தம் மகளோ மகனோ எண்ணையும் நாளையும் பக்கத்தையும் சரிபார்த்து எழுதிய தாளோடு உடன் செல்லட்டும். அத்தாளை மறுக்க எழுத்தர்க்கு எளிதாக இராது.