இளம்வயதுப் பக்கவாதமும் குடும்பத்தின் நினைவும்

பரம்பரைத் தன்னழற்சி நோய்கள் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் விதமே காயல்பட்டினக் கல்லூரி மாணவியருக்கான இப்பட்டமளிப்பு உரையின் பொருள்.

கிருமி நுழையும்போது காய்ச்சலும் வீக்கமும் தோன்றுவது உடலின் இயல்பான காவல். கிருமி எதுவும் இல்லாதபோதும், பிறவியிலேயே அமைந்த மரபணுப் பிழையால் அக்காவல் கிளர்ந்தெழுந்து சொந்த உறுப்புகளைப் புண்படுத்துவதே தன்னழற்சி. மருத்துவ ஆய்வாளர் டேனியல் காஸ்ட்னர் குழுவினர் இப்பெயரை வழங்கியது 1999இல்தான். அதற்கு முன் பயின்ற தலைமுறையினர், இவ்வுரையாளர் உட்பட, இவ்வழற்சியால் இளம்வயதிலும் பக்கவாதம் வரக்கூடும் என்பதை அறியாமல், பக்கவாதம் என்றால் முதியோர் நோய் என்றே படித்து, தேர்விலும் அவ்வாறே எழுதி மதிப்பெண் வாங்கினர்.

இவ்வகை நோய்களுள் ஒன்றில், என்எல்ஆர்பி3 என்னும் மரபணு மாறியதால் குழந்தையின் மூளையுறை கிருமியின்றியே ஆண்டுக்கணக்கில் அழன்று, செவியும் பார்வையும் மங்குகின்றன. இன்னொன்றான ஏடிஏ2 குறைபாடே இங்கு விரித்துரைக்கத் தக்கது. வெள்ளணுக்களிலிருந்து சுரக்கும் ஏடிஏ2 என்னும் நொதி குறையும்போது சிறு இரத்தக் குழாய்களின் உட்சுவர் சிதைகிறது. மூளையின் ஆழத்திலுள்ள நுண்குழாய்கள் அடைபட்டு, பள்ளி செல்லும் வயதுக்கு முன்பேகூடப் பக்கவாதம் வந்துவிடுகிறது. அதற்கு முன்னோடியாக, காரணம் புலப்படாத காய்ச்சலும், கால்களின் தோலில் வலை விரித்தாற்போன்ற செந்நீலக் கோடுகளும் தோன்றுவதுண்டு. குளிரால் வந்த நிறமாற்றம் என்று வீட்டார் அதைப் பொருட்படுத்துவதில்லை. பெற்றோர் இருவரும் பிழையான மரபணுவின் ஒரு படியை மட்டும் சுமப்பதால் நலமாகவே இருக்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகிறது.

2014இல் இனங்காணப்பட்ட இந்நோய்க்கு மருந்தும் உண்டு. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்னும் புரதத்தைத் தடுக்கும் ஊசியைப் பெற்ற 15 நோயாளரைப் பற்றி 2019இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட குறிப்பின்படி, சிகிச்சைக்கு முன் அவர்களுக்கு நேர்ந்த பக்கவாதங்கள் 55. சிகிச்சை தொடங்கிய பின், கண்காணித்த காலம் முழுவதும் ஒன்றுகூட இல்லை. பக்கவாதம் என்றதும் வழக்கமாகத் தரப்படும் ஆஸ்பிரின் போன்ற மருந்துகளோ இந்நோயில் மூளை இரத்தக்கசிவுக்கு இடம் தரக்கூடும் என்பதால், சரியான பெயரைக் கண்டறிவதே பாதிச் சிகிச்சை.

இந்தியாவில் சண்டிகர் மருத்துவர்கள் முன்னின்று தொகுத்து 2021இல் வெளியிட்ட 33 நோயாளரின் வரலாற்றில் அகர்வால் சமூகத்தினர் பலர் இருந்தனர். அவர்களிடம் காணப்பட்ட அதே மரபணு மாற்றம் ஜார்ஜிய யூதரிடமும் உண்டு. அகர்வால்கள் ஒரே கோத்திரத்தில் மணம் முடிப்பதில்லை. ஆயினும் திருமண வட்டம் சமூகத்துக்குள்ளேயே சுழல்வதால் மூதாதை ஒருவரின் மரபணுப் பிழை பெருகி நிற்கிறது. ஆகவே நெருங்கிய உறவில் மணப்பதை மட்டும் குற்றம் சொல்வது அரைகுறை அறிவு. மரபியல் ஆய்வாளர் குமாரசாமி தங்கராஜ் பங்குகொண்டு 2017இல் வெளிவந்த மரபணு ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்களில் இவ்வகை மூதாதைத் தாக்கம் பின்லாந்தினரைவிட வலுவானது எனக் கண்டது. உறவுத் திருமணம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 விழுக்காடு என்பது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் கூற்று. எந்தச் சாதியும், எந்தச் சமயமும், எந்த ஊரும் இதில் தனியே நாண வேண்டியதில்லை.

இந்நோயைக் கண்டறிய உதவும் குடும்ப வரலாற்றைத் திரட்டுவதில் காயல்பட்டினத்துக்கு ஒரு வசதி வாய்த்திருக்கிறது. ஆண்கள் வணிகத்துக்காகக் கொழும்பு முதலிய ஊர்களுக்குக் கடல் கடந்து சென்றிருந்த காலந்தொட்டே இவ்வூரில் வீடு பெண்மக்களைச் சேர்கிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். எந்தப் பிள்ளைக்கு எந்த வயதில் வலிப்பு வந்தது, யாருக்குச் சிறுவயதில் கைகால் விழுந்தது, யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் மருத்துவமனைக் கோப்பைவிட உம்மாமாரின் நினைவில் தெளிவாக இருக்கும். அந்நினைவைத் தாளில் வம்சாவழிப் படமாக வரைந்து தர மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. இன்று பெறும் பட்டம் எத்துறையினதாயினும் போதும்.

பட்டம் பெற்றுச் செல்லும் ஒவ்வொரு மாணவியும் மூன்று தலைமுறைக்கான அப்படத்தை இவ்விடுமுறையிலேயே வரைந்து வைக்க வேண்டும். குடும்பத்தில் இளம்வயதினர் எவருக்கேனும் பக்கவாதம் வந்திருந்தால் அப்படத்துடன் நரம்பியல் மருத்துவரிடம் சென்று, ஏடிஏ2 சோதனை தேவையா எனத் தயங்காமல் கேட்க வேண்டும்.