ஒற்றைச் சிலம்பும் ஏட்டுச் சான்றும்



பாண்டியன் அவைக்குள் நுழைந்த கண்ணகியின் கையில் இருந்தது ஒற்றைச் சிலம்பு. மாணிக்கப் பரல் தெறித்த கணமே மன்னன் தன் பிழையை உணர்ந்தான், உயிர் துறந்தான். வழக்கும் அங்கேயே முடிந்தது. பிழையை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஆட்சியாளனிடம் நீதி பெறுவது எவ்வாறு? நம் காலத்தில் இவ்வினாவுக்கு விடை கண்டவர்கள் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டு மக்கள்.

1982 முதல் 1990 வரை அந்நாட்டை ஆண்டவர் ஹிசேன் ஹாப்ரே. அவருடைய ஆட்சியில் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என 1992இல் அந்நாட்டு விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. 1990 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் அவர் செனகல் நாட்டில் அடைக்கலம் புகுந்தார். சிறைக் கதவுகள் திறந்தன. இரண்டாண்டுக்கு மேல் சிறையில் வாடி மீண்ட சுலைமான் கெங்கெங் என்பவர், தம்மைப் போன்றோருடன் சேர்ந்து 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். அச்சம் நிலவிய காலத்தில் அவற்றை மறைத்துக் காத்தார்.

2000ஆம் ஆண்டில் செனகலில் வழக்குத் தொடுத்தனர். தமக்கு அதிகாரம் இல்லை என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் 2001இல் கைவிரித்தன. அதே ஆண்டில், ஹாப்ரேயின் இரகசியக் காவல்துறை விட்டுச்சென்ற ஆவணங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. சிறையில் இறந்தோராக 1,208 பேரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. வதைபட்டோர் எழுதியதை வதைத்தோரின் ஏடுகளே மெய்ப்பித்தன.

ஆயினும் ஏடு தானாக நீதிமன்றம் ஏறுவதில்லை. 2005இல் பெல்ஜியம் அவரை ஒப்படைக்கக் கோரியது. வழக்கு நடத்து, அன்றேல் ஒப்படை என்று 2012இல் அனைத்துலக நீதிமன்றம் செனகலைப் பணித்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் துணையுடன் டக்கார் நகரில் தனி நீதிமன்றம் அமைந்தது. 2015இல் தொடங்கிய விசாரணையில், அந்த மன்றத்தை ஏற்க மறுத்த ஹாப்ரே, முகத்தைத் துணியால் மறைத்து வாய் திறவாது அமர்ந்திருந்தார். பாதிக்கப்பட்டோர் அவர் முன்னிலையில் பேசினர். 2016 மே 30 அன்று போர்க்குற்றம், மானிடத்திற்கு எதிரான குற்றம், சித்திரவதை ஆகியவற்றுக்காக வாழ்நாள் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் 2017இல் அத்தண்டனை உறுதியாயிற்று. 2021இல் அவர் தண்டனைக் கைதியாகவே இறந்தார்.

ஆட்சி கவிழ்ந்து தீர்ப்பு வர இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதற்குள் இறந்துபோன சாட்சிகள் பலர். இழப்பீட்டுக்காக மக்கள் தீர்ப்புக்குப் பின்னும் நெடுங்காலம் காத்திருந்தனர். இது முழுமையான நீதி அன்று. ஆனால், குற்றவாளியின் மனச்சான்றை எதிர்பாராமலே கிடைத்த நீதி.

எழுத்தை நேசிக்கும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. அந்த 792 வாக்குமூலங்களை இலக்கியம் என்று எவரும் சொல்லார். எனினும், நீதிமன்றமே இல்லாத நாளில், என்றேனும் ஒன்று அமையும் என்று நம்பி எழுதப்பட்டவை அவை. அந்த நம்பிக்கை எழுத்தின் அறங்களுள் தலையாயது என்று கூறி அமைகிறேன்.