மணியின் படிப்புச் செலவு

(நம் குடியிருப்பின் பொங்கல் ஒன்றுகூடலில் பேசியது. அன்று வர முடியாத சிலர் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)



"பத்து நிமிடம் ஏதாவது பேசுங்கள் சார்" என்றார் தலைவர். முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் வட்டி விகிதம் பற்றிப் பேச ஆரம்பித்தால், நீங்கள் எல்லோரும் சர்க்கரைப் பொங்கல் அண்டா பக்கம் போய்விடுவீர்கள். அதனால் எங்கள் வீட்டு மணியைப் பற்றிப் பேசுகிறேன்.

போன ஆடி மாதம், ஒரு மழை இரவில், கீழே பார்க்கிங்கில் என் ஸ்கூட்டர் அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்த நாட்டு நாய்க்குட்டி அது. வயது இரண்டு மாதம் இருக்கும் என்றார் டாக்டர். பேரன் விடவில்லை. "வெச்சுக்கோங்க. ஆனா நான் துடைக்க மாட்டேன்" என்று என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டார். ஆக, பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்தது.

ஒன்றரை மாதம் கழித்து அந்தச் சம்பவம் நடந்தது. லிஃப்ட் கதவு திறந்ததும் மணி பாய்ந்தான். எதிரே, எங்கள் மாடியில் தனியாக இருக்கும் அம்மா. கையில் பால் பாக்கெட், இன்னொரு கையில் ஊன்றுகோல். அவர் கிரில்லைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. பால் பாக்கெட் மட்டும் உடைந்தது.

சாயங்காலம் அவரே வந்தார். சண்டை போடவில்லை. "சார், நாயை நான் குறை சொல்லலை. நான் விழுந்தா தூக்க ஆள் இல்லை. பசங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல இருக்காங்க. அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

சங்கத்திலும் பேச்சு எழுந்தது. நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏறக்கூடாது என்று சொல்ல முடியாது என்பதெல்லாம் அதில் உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்து 1962-ல் தொடங்கிய வாரியம் அது. பல வருடம் நம் திருவான்மியூரில்தான் இயங்கியது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி வாதாடலாம் என்றிருந்தேன்.

அதே சுற்றறிக்கையின் மறுபக்கத்தையும் படித்தேன். நாய் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது, அதன் கழிவை வளர்ப்பவரே சுத்தம் செய்வது நல்லது என்றும் சொல்கிறது. சட்டம் என் பக்கம் இருக்கிறது என்பதற்காக அந்த அம்மா கீழே விழாமல் இருந்துவிடுவாரா?

பயிற்சியாளர் ஒருவரிடம் போனில் விசாரித்தேன். மாதம் 8,000 ரூபாய், மூன்று மாதப் படிப்பு. 24,000 ரூபாய்! என் பென்ஷனுக்குக் கட்டுப்படியாகாது. அன்று ராத்திரி, "யாருக்காவது கொடுத்துடலாமா?" என்று மனைவியிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "கவுன்டர்ல உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஆர்.டி. போடச் சொன்னீங்களே. இதுக்குத் தினம் பதினைஞ்சு நிமிஷம் போட முடியாதா?"

அதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயமே. நாய்க்குட்டிப் பயிற்சி என்பது ரெக்கரிங் டெபாசிட் மாதிரி. மொத்தமாகக் கொண்டுபோய்க் கட்ட முடியாது. காலை ஐந்து நிமிடம், மதியம் ஐந்து, மாலை ஐந்து. தவணை தவறக்கூடாது. கால்நடை மருந்தக டாக்டரும் இதையேதான் சொன்னார். நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கூலி. சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே கொடுக்க வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் எதற்காகக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது. கடையில் விற்கும் விலை உயர்ந்த பிஸ்கட் தேவையில்லை. வேக வைத்த கோழி, முட்டை, கேரட், இவற்றைக் கடலைப் பருப்பு அளவுக்கு நறுக்கினால் போதும். அன்றைய சாப்பாட்டிலேயே ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டால் கூடுதல் செலவும் இல்லை. சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை மட்டும் கூடவே கூடாது. பாயசத்தில் போடும் உலர் திராட்சையும் அதில் சேர்த்தி. சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

அடுத்தது கழிப்பறைப் பழக்கம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பழைய நியூஸ்பேப்பர் போதும். தவறான இடத்தில் போய்விட்டால், பிறகு திட்டிப் பயனில்லை. வாசனை இருந்தால் மறுபடி அங்கேயே போகும். அதனால் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தேன். ஆமாம், நான்தான் துடைத்தேன்.

கடிப்பது. நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் காலம். ஈறு அரிக்கும், எதையாவது கடிக்கத்தான் செய்யும். பழைய லுங்கியைக் கிழித்து முடிச்சுப் போட்டு, நனைத்து, ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தேன். என் செருப்பு தப்பித்தது. அடிக்க வேண்டாம். அடித்தால் கையைக் கண்டு பயப்படும், பயந்த நாய்தான் கடிக்கும்.

பாய்வது. இதற்குத்தான் அதிக நாள் ஆனது. பாய்ந்தால் நான் கல்லாக நிற்பேன். தொட மாட்டேன், பேச மாட்டேன், முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன். நாலு காலும் தரையில் பட்டு "உட்கார்" என்றதும் உட்கார்ந்தால்தான் கோழித்துண்டு. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். நான் "உட்கார்" என்க, பேரன் "சிட்" என்க, மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தமிழ்தான் என்று முடிவானது. மணி அடித்து நாய்க்கு எச்சில் ஊற வைத்தவர் ரஷ்யாவின் பாவ்லோவ். 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். எங்கள் வீட்டில் நாயே மணி!

வெளி உலகப் பழக்கம். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரை எதைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதற்குப் பிறகு பயப்படாது என்கிறார்கள். ஆனால் தடுப்பூசிகள் முடியும் வரை தரையில் விடக்கூடாது. அதனால் மணியைக் கட்டைப்பையில் உட்கார வைத்துத் தாம்பரம் ஸ்டேஷன் வாசல், கேம்ப் ரோடு, சேலையூர் ஏரிக்கரை என்று சுற்றினேன். ரயில் சத்தம், விமானப்படை விமானத்தின் சத்தம், பஸ் ஹாரன் எல்லாம் கேட்டுவிட்டான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். செலவு பூஜ்யம்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் ஆரம்பித்து, டாக்டர் சொல்லும் தேதிகளில் தவறாமல் போட வேண்டும். 1885 ஜூலை 6-ல்தான் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இந்தத் தடுப்பூசி போட்டார். அந்த நாளில் அரசு கால்நடை மருந்தகங்களில் இலவச முகாம் நடப்பதுண்டு. முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். எந்த நாய் கடித்தாலும் உடனே பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம்.

இனி கணக்கு. பெல்ட்டும் செயினும் 520. வினிகர் 180. பயிற்சிக்கென்று வாங்கிய கோழி, முட்டை 900. மொத்தம் 1,600 ரூபாய். தடுப்பூசிச் செலவு தனி. அதை எந்த வழியிலும் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். கூரியர் பையனைக் கண்டால் இன்னும் குரைக்கிறான். தீபாவளிக்கு இரண்டு நாள் பாத்ரூமை விட்டு வரவில்லை. நிஜமாகவே கடிக்கும், உறுமும் நாயாக இருந்தால் என் முறையெல்லாம் போதாது. டாக்டரிடமும் பயிற்சியாளரிடமும் போயே ஆக வேண்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்ததை நாம் மறக்கக்கூடாது.

இரண்டு வேண்டுகோள். நாய் வளர்ப்பவர்களே, ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜெனரேட்டர் அறைப் பக்கம் அரை மணி நேரம் கூடுவோம். எல்லோரும் சேர்ந்து ஒரு பயிற்சியாளரை எப்போதாவது வரவழைத்தால், ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்தால் போதும். வளர்க்காதவர்களே, மணி பாய்ந்தால் "பரவாயில்லை சார்" என்று கொஞ்சாதீர்கள். நான் ஒரு வாரம் போட்ட டெபாசிட்டை நீங்கள் ஒரே நிமிடத்தில் எடுத்துவிடுகிறீர்கள்.

போன வாரம் லிஃப்ட் கதவு திறந்தது. எதிரே அதே அம்மா, அதே ஊன்றுகோல். நான் வாய் திறப்பதற்குள் அவரே "மணி, உட்கார்" என்றார். உட்கார்ந்தான். அவருக்கு இன்னும் நாய் பிடிக்காது. ஆனால் எங்களோடு அதே லிஃப்டில் கீழே வந்தார். எனக்கு அது போதும்.