வலி மாத்திரையும் மூலிகைக் காப்பும்

நாள் முழுவதும் குனிந்து உழைக்கும் கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் ஓய்வு என்பது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். வலி மாத்திரையின் விலையோ சில ரூபாய்தான். ஆகவே, மருத்துவரைக் கேளாமல் மாத்திரை விழுங்கும் பழக்கத்தை அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது.

ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் செயல்படும் விதத்தை 1971-ஆம் ஆண்டில் ஜான் வேன் என்னும் ஆங்கிலேய அறிஞர் விளக்கினார். 1982-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் இவரும் ஒருவர். உடலில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதை இம்மருந்துகள் தடுப்பதால் வலியும் வீக்கமும் தணிகின்றன. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலத்தையும், சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தையும் பேணுபவை அதே புரோஸ்டாகிளாண்டின்களே. வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் இவற்றையே பெரிதும் சார்ந்திருக்கிறது. எனவே, மாத்திரையை அதிகம் நாடும் உழைப்பாளிக்கே அதன் கேடும் அதிகம்.

இம்மருந்துகளால் உயிரணுக்களில் வினைமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுவதும் திசுக்கள் சிதையக் காரணமாகிறது. இவற்றை அடக்கும் ஆற்றல் மஞ்சளிலுள்ள குர்குமினுக்கும் நெல்லிக்கனிச் சத்துக்களுக்கும் உண்டு. இண்டோமெதசினால் எலிகளின் இரைப்பையில் உண்டாகும் புண்களை இவை குறைப்பதாகச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஆயினும் எலியிடம் கண்ட பயன் மனிதனிடமும் கிட்டும் என்று கொள்வதற்கில்லை. குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உட்கிரகிக்கப்படுகிறது. வயிற்றுப் புண்ணுக்கு உகந்ததென்று கருதப்படும் அதிமதுரம், அளவு மீறினால் இரத்த அழுத்தத்தை உயர்த்திப் பொட்டாசியத்தைக் குறைக்கும். மூலிகைக் காப்பு இருக்கிறதென்ற துணிவில் மாத்திரையைக் கூட்டுவது ஆபத்தாகும்.

இத்தகைய கேட்டை அரசு எவ்வாறு தடுக்கலாம் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவு ஒரு பாடம். டைக்ளோஃபெனாக் கொடுக்கப்பட்ட கால்நடைகளின் சடலங்களைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 2004-இல் ஆய்வு இதனை உறுதி செய்தது. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடை செய்தது. கழுகுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் மாற்று மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது. நஞ்சுமுறிவு தேடப்படவில்லை, காரணமே களையப்பட்டது.

மனிதருக்கும் இவ்வழியே முதன்மையானது. மருத்துவர் சீட்டின்றி டைக்ளோஃபெனாக் மாத்திரை விற்கலாகாது என்னும் விதி ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. 2016-இல் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிறுநீரகம் பழுதான பின் ஆகும் செலவைவிட, பழுதாகாமல் காக்கும் செலவு சிறிது. தாவரப் பொருள்களை மனிதரிடம் முறையாகச் சோதிக்கும் பணியும் உடன் நடைபெற வேண்டும். அதன் முடிவு தெரியும்வரை, தேவையற்ற மாத்திரையைத் தவிர்ப்பதே தக்க காப்பாகும்.