லாக்-அவுட் பட்டன் எதற்காக?

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருப்பீர்கள். ஆதார் கார்டைத் தேடி உள்ளே போய்விட்டு வருவதற்குள் 'செஷன் எக்ஸ்பயர்ட்' என்று திரையில் வந்திருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஏன் அப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், நம் பணத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பும் புரிந்துவிடும்.

முதலில் ஒன்று. வலைத்தளத்தை நடத்தும் சர்வருக்குத் தானாக எதுவும் ஞாபகம் இருக்காது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும், அதோடு உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்டால், அதற்கு நீங்கள் புது ஆள். எச்.டி.டி.பி. என்ற முறையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. அப்படியென்றால், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போன பிறகு, ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள்தான் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

நம் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்கு வருகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஸ்டாண்ட்காரர் எத்தனை முகத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்? வண்டியில் ஒரு எண்ணை மாட்டி, அதே எண்ணுள்ள டோக்கனை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார். சர்வரும் அதையேதான் செய்கிறது. பாஸ்வேர்டும் ஓடிபியும் சரியாக இருந்தால், யாராலும் ஊகிக்க முடியாத நீளமான எண் ஒன்றை உருவாக்கி, 'இந்த எண் இன்னாருடையது' என்று தன்னிடம் குறித்துக்கொள்கிறது. எண்ணை உங்கள் பிரவுசருக்கு அனுப்புகிறது. டாம்கேட் என்கிற சர்வர் மென்பொருள் தரும் எண் 32 எழுத்து நீளம். பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் சேர்த்து அனுப்பும். அப்படி வைத்திருக்கும் சின்னத் துண்டுக்குத்தான் 'குக்கி' என்று பெயர். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுல்லி கொண்டுவந்தது. தின்கிற பிஸ்கட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டோக்கனைத் தொலைத்துவிட்டீர்கள், வேறொருவர் எடுத்து நீட்டுகிறார். கூட்ட நெரிசலில் ஸ்டாண்ட்காரர் வண்டியைக் கொடுத்துவிடுவார். பெரும்பாலான சர்வர்களும் அப்படித்தான். எண் கைமாறினால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

2010-இல் எரிக் பட்லர் என்பவர் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு மென்பொருளை வெளியிட்டார். பூட்டில்லாத வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழையலாம் என்று அது காட்டியது. அப்போது பல தளங்கள் லாக்-இன் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு, மற்றதைத் திறந்துபோட்டிருந்தன. எல்லாப் பக்கமும் 'எச்.டி.டி.பி.எஸ்.' ஆவதற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம். 2023 மார்ச்சில் 'லைனஸ் டெக் டிப்ஸ்' என்ற யூடியூப் சேனலே பறிபோனது. விளம்பரதாரர் அனுப்பியதுபோல் வந்த மின்னஞ்சலில் பி.டி.எஃப். மாதிரி ஒரு கோப்பு. அதை ஒரு ஊழியர் திறந்தார். செஷன் டோக்கன்கள் போய்விட்டன. கம்ப்யூட்டரைப் பற்றியே பேசிப் பிழைப்பவர்கள் அவர்கள்!

அதனால்தான் சர்வர்கள் நேரக்கெடு வைக்கின்றன. டாம்கேட்டில் நாம் எதையும் மாற்றாவிட்டால், 30 நிமிடம் சும்மா இருந்தால் செஷன் முடிந்துவிடும். பி.எச்.பி.யில் 24 நிமிடம் தாண்டினால் பழைய செஷன் அழிக்கப்படலாம். வங்கிகள் இன்னும் குறைவாக வைக்கும். எழுந்து போன உங்கள் நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்தார்கள் என்று அதற்குத் தெரியாது, பாருங்கள்.

பிரவுசிங் சென்டரில் வேலை முடிந்ததும் மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டு எழுந்து வருகிறோம். டேப் மூடும், டோக்கன் மூடாது. பிரவுசர் முழுவதையும் மூடினால் பல தளங்களில் எண் அழியும். 'விட்ட இடத்திலிருந்து தொடரவும்' என்று செட்டிங் இருந்தால் அதுவும் நடக்காது. லாக்-அவுட் அழுத்தினால், சர்வர் தன் குறிப்பேட்டிலேயே அந்த எண்ணை அடித்துவிடும். பிறகு எவர் அதை எடுத்து நீட்டினாலும் செல்லாது. கடைக்காரர் நல்லவர்தான், தெரிந்தவர்தான். உங்களுக்கு அடுத்து வருகிறவரை அவருக்கே தெரியாதே.

கடை மெஷினில் 'பாஸ்வேர்டை நினைவில் வைக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேரனோ தம்பியோ எப்போதாவது உங்கள் வாட்ஸ்அப்பை வெளிக் கம்ப்யூட்டரில் திறந்திருந்தால், போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் அது இன்னும் நிற்கலாம். இன்று வீட்டுக்குப் போனதும் திறந்து பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றிவிடுங்கள். ஜிமெயிலுக்கும் கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போனை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள், சேர்ந்தே பார்த்துவிடலாம்.